மாஸ்டர் படுத்துப் பார்த்த நாற்காலி

குஷன் மாஸ்டருக்கு மூன்று கை என்று அவர் மனைவி சொல்வாள். வலது கை சுத்தியலுக்கு. இடது கை ரெக்சினை இழுத்துப் பிடிக்க. மூன்றாவது கை, வாய். ஒரு பிடி சின்ன ஆணிகளை அள்ளி வலது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். நாக்கு அவற்றில் ஒன்றைப் பிரித்து, திருப்பி, தலை வெளியே தெரியும்படி உதட்டுக்குக் கொண்டுவரும். காந்தம் பதித்த சுத்தியலை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி அதில் ஒட்டிக்கொள்ளும். முதல் தட்டில் ஆணி நிற்கும், இரண்டாவது தட்டில் இறங்கும். அதற்குள் அடுத்தது உதட்டுக்கு வந்து காத்திருக்கும். இருபத்தெட்டு வருஷமாக இந்த வரிசை பிசகியதில்லை.

காற்றழுத்தத்தில் பின் ஊசிகளை அடிக்கும் துப்பாக்கியும் கடையில் இருந்தது. நேர்க்கோட்டுக்கு அது போதும். வளைவு, மடிப்பு, மூலை என்று வந்துவிட்டால் மாஸ்டர் ஆணியைத்தான் எடுப்பார்.

கடை ஒரு நீளமான அறை. முன்பக்கம் தோலுரித்த சோபாக்கள், எலும்பும் ஸ்பிரிங்குமாக நிற்கும். பின்பக்கம் ஜன்னலோரம் மனைவியின் தையல் மிஷின். உறை வெட்டித் தைப்பது அவள் வேலை. சட்டம், ஸ்பிரிங், ஃபோம், ஆணி எல்லாம் அவர் வேலை. அவர் வாயில் ஆணி இருக்கும்வரை அவள் ஒருத்திதான் பேசுவாள். தங்கள் குடும்பம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடுவதற்கு அந்த ஆணிதான் காரணம் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மாஸ்டரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. முதலாவது, வாடிக்கையாளரைத் திட்டுவது.

"ஒரு ஸ்பிரிங் லேசா சத்தம் போட்டுச்சே, அன்னிக்கே கொண்டு வந்திருந்தா அரை மணி நேர வேலை. மேல துணியப் போட்டு மூடி வெச்சு, இந்தப் பக்கம் உக்காராதே அந்தப் பக்கம் உக்காருன்னு ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கீங்க. இப்ப சட்டமே போச்சு. உக்கார முடியாம போனாத்தான் என் ஞாபகம் வருமா உங்களுக்கு?"

வந்தவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். வேலை சுத்தம் என்பதால் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது பழக்கம், செய்த எந்த இருக்கையையும் தான் உட்கார்ந்து பார்க்காமல் அனுப்பமாட்டார். சும்மா ஒரு நிமிஷம் அல்ல. அதில் உட்காரப்போகிறவர் எவ்வளவு நேரம் உட்காருவாரோ அவ்வளவு நேரம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆபீஸ் நாற்காலி செய்து கொடுத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. அரை மணி நேரம் ஆனதும் தொடையில் வெட்டுகிறது என்று அது திரும்பி வந்தது. அன்றிலிருந்து இந்த விரதம். பஸ் டிரைவர் இருக்கை செய்தபோது டிப்போவுக்குள்ளேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தார். சலூன் நாற்காலி செய்த வாரம் அவர் இரண்டு தடவை முடிவெட்டிக்கொண்டு வந்ததை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் பல்லில் வலி வந்தது.

ஆரம்பத்தில் அது வலி என்று சொல்லும்படி இல்லை. கீழ் வரிசையில் வலது கடைவாய்ப் பல். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம், உடனே போய்விடும். அவர் தண்ணீரை இடது பக்கமாக விட்டுக் குடிக்கப் பழகிக்கொண்டார். நாலு மாதம் கழித்து மெல்லும்போது வலித்தது. சாப்பாட்டையும் இடது பக்கத்துக்கு மாற்றினார். பிறகு ஆணிகள் அந்தப் பல்லில் பட்டாலே உயிர் போனது. ஆணிகளும் இடது கன்னத்துக்குக் குடிபெயர்ந்தன.

இங்கேதான் சிக்கல். நாக்குக்கு இடது பக்கம் பழக்கமில்லை. ஆணிகள் கூர் வெளியே தெரிய உதட்டுக்கு வந்தன. சுத்தியலில் தலைகீழாக ஒட்டின. கீழே விழுந்தன. எட்டு ஆணி அடிக்கிற நேரத்தில் ஐந்துதான் இறங்கியது. மிஷின் சத்தத்துக்கு நடுவிலேயே மனைவியின் காது இதைப் பிடித்துவிட்டது.

"என்ன, தாளம் தப்புது?"

"ஆணி சரியில்ல. புது லாட்டு."

"பல்லு பழைய லாட்டு போல."

அவர் இன்னொரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டருக்கு வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதற்குக் காரணம் அவருடைய அண்ணன். அண்ணனும் இதே தொழிலில் இருந்தவர். நாற்பத்தைந்து வயதில் பல்வலி தாங்காமல் டாக்டரிடம் போனார், ஒன்றைப் பிடுங்கினார்கள். அடுத்த வருஷம் பக்கத்துப் பல். இப்படியே போய் மேலும் கீழும் பல் செட் கட்டிக்கொண்டார். செட்டுப் பல்லை வைத்துக்கொண்டு ஆணியைக் கன்னத்தில் அடக்க முடியாது. ஆணி உள்ளே புகுந்து செட்டையே தூக்கும். அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரைச்சீலை விற்கப் போனார். வரும்போதெல்லாம் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொல்வார்: "பல் டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதடா. ஒரு தையல் பிரிச்சா முழுசும் பிரிஞ்சிடும்."

அதனால் பல் டாக்டரிடம் எப்போது போவது என்பதில் மாஸ்டருக்குக் குழப்பமே இல்லை. இனி முடியாது என்று பல்லே சொல்லும் நாளில் போவது. அதுவரை உப்புத் தண்ணீர், கிராம்பு, மாத்திரை. இரண்டு தெரு தள்ளி ஒரு பல் கிளினிக் இருந்தது. அதைத் தாண்டும்போது மாஸ்டர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். பலகையில் வரைந்திருந்த பெரிய வெள்ளைப் பல் தன்னைப் பார்த்து ஏதோ கேட்பதுபோல அவருக்குத் தோன்றும்.

எட்டாவது மாதம் ஈறு லேசாக வீங்கியது. வலி விண்விண்ணென்று தெறித்து மூன்று ராத்திரி தூக்கத்தைத் தின்றது. அந்த வாரம் வியாழக்கிழமை, கிளினிக்கின் முன்மேசையில் உட்காரும் அம்மாள் கடை வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர் இருக்காரா? எங்க டாக்டரோட சேர் கிழிஞ்சு போச்சு. படுக்கிறவங்க எல்லாம் முதுகு வலிக்குதுன்றாங்க. நீங்கதான் செய்யணும்னு டாக்டர் சொன்னாங்க."

மாஸ்டர் வாய் நிறைய ஆணியோடு தலையை இடவலமாக ஆட்டினார். பின்னாலிருந்து மிஷின் நின்றது.

"செய்றோம்மா," என்றாள் மனைவி. "என்னிக்கு வரட்டும்?"

"கிளினிக் ஞாயித்துக்கிழமை லீவு. சேரைத் தரையில முடுக்கி வெச்சிருக்கு, தூக்கிட்டு வர முடியாது. அங்கயே வந்து செஞ்சா நல்லது."

அந்த அம்மாள் போனதும் மாஸ்டர் ஆணிகளைத் துப்பினார்.

"உன்ன யாரு ஒத்துக்கச் சொன்னது?"

"ஏன், அந்த நாற்காலி உங்களக் கடிக்குமா? நீங்க அதப் பாக்கப் போறீங்க. அது உங்களப் பாக்காது."

வெள்ளிக்கிழமை மாலை அளவெடுக்கப் போனார். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். சிரிக்கும்போதுகூடக் கண்கள் எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தன. மாஸ்டர் உதட்டைப் பிரிக்காமல் பேசினார். தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, இருக்கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று நாற்காலியில் நான்கு மெத்தைகள். எல்லாவற்றுக்கும் அடியில் பிளைவுட். முதுகு மெத்தையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஃபோம் மாவாகிக் கிடந்தது. ஒரு கணம் பல்லை மறந்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன டாக்டரம்மா, இது கிழிஞ்சு ரெண்டு வருஷம் இருக்கும்போல. டேப்ப ஒட்டி ஒட்டி ஓட்டியிருக்கீங்க. ஓரத்துல தையல் விட்டப்பவே கூப்பிட்டிருந்தா உறையோட போயிருக்கும்."

"தப்புதான்," என்றார் டாக்டர். "தினமும் ஆளுங்க வராங்க, சேரைக் காலி பண்ண முடியல. தண்ணி சாப்பிடறீங்களா? ஃபிரிட்ஜ் தண்ணி."

"வேணாம்," என்றார் மாஸ்டர், கொஞ்சம் வேகமாக.

கிளம்பும்போது கேட்டார்: "ஒரு ஆளு இதுல எவ்வளவு நேரம் படுத்திருப்பாங்க?"

"வேலையப் பொறுத்தது. முக்கால் மணி நேரம்கூட ஆகும். எதுக்கு?"

"சும்மா, ஒரு கணக்குக்கு," என்றார் மாஸ்டர். வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தையே நினைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை கணவனும் மனைவியும் புது ஃபோம், தைத்த உறைகள், கருவிப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டரும் முன்மேசை அம்மாளும் இருந்தார்கள். டாக்டர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மாஸ்டர் மெத்தைகளைக் கழற்றித் தரையில் வைத்து, பழைய ஆணிகளைப் பிடுங்கி, ஃபோம் வெட்டி ஒட்டினார். உறை போட்டு மூலை மடிக்கும் கட்டம் வந்ததும் ஆணிகளை இடது கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான்காவது ஆணி கீழே விழுந்தது. ஆறாவதும் விழுந்தது.

டாக்டரின் பேனா நின்றது. "மாஸ்டர், எப்பவும் இடது பக்கம்தான் வெச்சுப்பீங்களா?"

மாஸ்டர் ஆமாம் என்று தலையாட்டினார். மனைவி நூல் பிசிறு வெட்டிக்கொண்டே, "இருபத்தெட்டு வருஷம் வலது, இப்ப மூணு மாசமா இடது," என்றாள். டாக்டர் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

பகல் சாய்வதற்குள் மெத்தைகள் நாற்காலியில் ஏறின. மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. டாக்டர் தடவிப் பார்த்து, "அருமை. நீங்க கிளம்பலாம்," என்றார்.

மாஸ்டர் கிளம்பவில்லை. பையை மூடினார், திறந்தார், மூடினார்.

"படுத்துப் பாக்காம அனுப்பமாட்டார்," என்று மனைவி விளக்கினாள். "அவருக்கு அது ஒரு வியாதி. முக்கால் மணி நேரம் படுக்கணும்."

"தாராளமா படுங்க. நான் பக்கத்துல வரல," என்றார் டாக்டர்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார். கழுத்து சரியான இடத்தில் பதிந்தது. தோள் தளர்ந்தது. கால் பகுதி முழங்காலை அளவாகத் தாங்கியது. பல ராத்திரியாகத் தலையணையை மாற்றி மாற்றிப் புரண்ட உடம்பு அது. கூரை விசிறியின் இறக்கைகளை எண்ண ஆரம்பித்தார். மூன்றுதான் இருந்தன. இரண்டாவது தடவை எண்ணி முடிக்கும் முன் தூங்கிவிட்டார்.

கண் விழித்தபோது இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் நன்றாகத் திறந்திருந்தது. அவசரமாக மூடினார்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஒன்றரை மணி நேரம்," என்றாள் மனைவி. "குறட்டையில ஜன்னல் ஆடுச்சு."

"நான் கை வைக்கல," என்றார் டாக்டர். "நீங்களா தொறந்து வெச்சிருந்தீங்க, லைட்டைத் திருப்பிப் பாத்தேன். அவ்வளவுதான். இவ்வளவு வலியோட வேலை செஞ்சீங்களா?"

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். ஓட வேண்டுமென்றால் செருப்பு நாற்காலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று புரிந்தது. எட்டு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"புடுங்கணுமா?"

"படம் எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும். எடுக்கவா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை கேலி எதுவும் செய்யவில்லை. "இவர் அண்ணனுக்கு ஒவ்வொண்ணாப் புடுங்கின மாதிரி ஆயிடுமோன்னு பயப்படறார் டாக்டர்," என்றாள் மெதுவாக. "பல்லு போனா ஆணி நிக்காது. வேற தொழில் அவருக்குத் தெரியாது."

மாஸ்டர் தலையசைத்தார். படம் எடுத்தார்கள். திரையில் அது தெரிய ஆன நேரத்தில் அவர் புது ரெக்சினின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார். தான் செய்ததை அவரே கெடுப்பதை மனைவி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இதோ பாருங்க, சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கு. வேர் நுனியில கொஞ்சம் சீழ். ஆனா சுத்தி எலும்பு கெட்டியா இருக்கு, பல்லு ஆடல. புடுங்க வேண்டாம்."

மாஸ்டருக்குக் காதில் விழுந்தது நம்பும்படி இல்லை. "வேண்டாமா?"

"வேண்டாம். உள்ள இருக்கிற கெட்டுப்போன நரம்ப எடுத்து, சுத்தம் பண்ணி, அடைச்சு, மேல ஒரு தொப்பி போட்டுடலாம். மூணு தடவை வரணும். இன்னும் கொஞ்ச மாசம் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா புடுங்கறதத் தவிர வேற வழி இருந்திருக்காது."

மாஸ்டர் திரையைக் கூர்ந்து பார்த்தார். "அப்போ சட்டத்த அப்படியே வெச்சுக்கிட்டு, உள்ள இருக்கிற அழுகின ஃபோம மட்டும் மாத்தறீங்க. மேல புது உறை."

"அதேதான்."

"நான் எப்ப வந்திருக்கணும் டாக்டரம்மா?"

"தண்ணி கூசுச்சு பாருங்க, அன்னிக்கே. அப்ப வந்திருந்தா ஒரே தடவைல அடைச்சு அனுப்பியிருப்பேன். ஒரு பக்கமா மெல்ல ஆரம்பிச்சாலும் வரணும். தேய்க்கும்போது ரத்தம் வந்தாலும் வரணும். ஒண்ணுமே இல்லேன்னாலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ காட்டிட்டுப் போகணும். வீங்கினப்புறம் வரது ரொம்ப லேட்டு."

"ஒண்ணுமே இல்லாதப்ப எதுக்கு?" என்று மாஸ்டர் ஆரம்பித்தார். மனைவி அவர் குரலிலேயே, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்தப் பக்கம் உக்காராதே, அந்தப் பக்கம் உக்காருன்னு எட்டு மாசம் ஓட்டியிருக்கீங்க. உக்கார முடியாம போனாத்தான் ஞாபகம் வருமா?"

முன்மேசை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மாஸ்டரும் சிரித்துவிட்டார். சிரித்ததில் வலித்தது, இருந்தாலும் சிரித்தார்.

முதல் தவணையை அப்போதே செய்துவிடலாம் என்றார் டாக்டர். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ஊசி போட்டார். ஒரு சின்னக் குத்தல். அப்புறம் உதடு, கன்னம், நாக்கின் பாதி எல்லாம் யாருடையதோ ஆகிவிட்டன. எட்டு மாதமாகத் தட்டிக்கொண்டே இருந்த யாரோ ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது போல வலி நின்றது. அந்த அமைதியில் மாஸ்டருக்குக் கண் கலங்கியது. லைட் கூசுகிறது என்று கையால் சைகை காட்டினார்.

நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு மாஸ்டர் குழறலாகச் சொன்ன முதல் வார்த்தை யாரும் எதிர்பார்த்ததல்ல.

"இடுப்புல ஃபோம் பத்தல."

"என்ன?"

"முன்ன தூங்கிட்டேன், தெரியல. இப்ப முழிச்சுப் படுத்தேன். இடுப்புக்குக் கீழ ஒரு விரல் கனம் குறையுது. சரி பண்ணிட்டுத்தான் போவேன்."

யார் சொல்லியும் கேட்கவில்லை. முதுகு மெத்தையைக் கழற்றித் தரையில் போட்டார், ஓரத்தைப் பிரித்தார், ஒரு துண்டு ஃபோம் சேர்த்தார், உறையை இழுத்தார். இழுத்த வேகத்தில், பழக்கதோஷம், ஆறு ஆணிகளை அள்ளி வலது கன்னத்தில் போட்டுக்கொண்டார். வலி இல்லை. அந்த ஆனந்தத்தில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சுத்தியலை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார். ஆணி வரவில்லை.

மனைவியின் காது எண்ணிக்கொண்டிருந்தது. "ஆறு போட்டீங்க. அஞ்சுதான் அடிச்சீங்க."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. நாக்கால் துழாவினார். நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கன்னம் எது, பல் எது, ஆணி எது என்று அதற்கு அடையாளம் இல்லை. விழுங்கியிருந்தால்? தரையில் தேடினார்கள். காந்தத்தைப் பார்த்தார்கள். இல்லை.

"அசையாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. குனிஞ்ச மாதிரியே வாயத் திறங்க," என்றார் டாக்டர். கையுறையை மாட்டிக்கொண்டு வந்து, கன்னத்தை விரலால் ஒதுக்கி, இடுக்கியை நுழைத்து வெளியே எடுத்தார். கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒளிந்திருந்த அந்த ஆணி, எச்சில் மினுங்க, இடுக்கியின் நுனியில் நின்றது. கிண்ணத்தில் டிங்கென்று போட்டார்.

"போயிட்டு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க மாஸ்டர். புடுங்கினது உண்மைதான், ஆனா ஆணியத்தான் புடுங்கினேன்னு."

மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார். மரத்துப்போன உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. மனைவி அவர் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து ஆணிகளை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொன்றாகத் தலையை மேலே வைத்து நீட்டினாள். அவர் சுத்தியலைக் கொண்டுபோய் ஒட்டவைத்து அடித்தார். அந்த மெத்தையின் கடைசிப் பதினோரு ஆணிகளும் இப்படித்தான் இறங்கின. தாளம் தப்பவில்லை.

இன்னும் இரண்டு தடவை போய்வந்தார். பல்லுக்குத் தொப்பி ஏறியது. ஆணியை வாயில் வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்கு மட்டும் அவர் முழுதாகக் கட்டுப்படவில்லை. ஒரு பிடியை மூன்றாகக் குறைத்துக்கொண்டார். மீதி ஆணிகள் சட்டைப் பையில் இருந்தன. குளிர்ந்த தண்ணீரை வலது பக்கமாக விட்டுக் குடித்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் நான்காவது தடவைக்கு மேல் வந்து பார்க்க மறுத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் மாஸ்டர் எதிர்ச்சாரிக்குப் போகாமல், வெள்ளைப் பல் பலகையின் கீழே நேராக நடந்து கிளினிக்குக்குள் நுழைந்தார்.

"வாங்க மாஸ்டர்," என்றார் முன்மேசை அம்மாள். "என்ன விஷயம்? வலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா, சேர்ல தையல் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். விட்டப்புறம் பாக்கறதுல பிரயோஜனமில்ல பாருங்க."

அந்த அம்மாள் அவர் கைகளைப் பார்த்தார். சுத்தியல் இல்லை, பை இல்லை. சட்டைப் பைகூட இன்று தட்டையாக இருந்தது. பதிவேட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டே சொன்னார்:

"உள்ள ஒருத்தர் படுத்திருக்கார். முடிஞ்சதும் கூப்பிடறேன். உக்காருங்க."

மாஸ்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், அந்தக் காத்திருக்கும் நாற்காலியின் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருப்பது விரலில் தட்டுப்பட்டது.